பெரியவர் இனி பதில் எழுத மாட்டார்

இறந்துபோனவர் கடிதம் எழுதுவார் என்று யாராவது சொன்னால் நீங்கள் நம்புவீர்களா?

நம்ப மாட்டீர்கள் என்றே எடுத்துக்கொள்கிறேன். நானும் நம்புகிற ஆள் இல்லை. ஆவி, பேய், மறுபிறவி என்று எதைச் சுமந்துகொண்டு யார் வந்தாலும் வாசலிலேயே நிறுத்தி ஆதாரம் கேட்பேன். ஆனால் பேருந்துப் பணிமனைக்குப் பின்தெருவில் இருக்கும் சக்கரக் கம்பெனியில் ஒருவர் செத்துப் பல வருடம் ஆன பிறகும் விலைப்பட்டியல் அனுப்பிக்கொண்டிருந்தார். தாமதமான சரக்குக்கு வருத்தம் தெரிவித்தார். வாடிக்கையாளர்களின் மூட்டுவலியை விசாரித்தார். ஆதாரம் மூட்டை மூட்டையாக இருக்கிறது. எல்லாம் மின்னஞ்சல்.

அந்த ஆவிக்கு இரத்த அழுத்தம் உண்டு. மூக்குக்கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டு மேசை முழுக்கத் தேடும் பழக்கம் உண்டு. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு நாற்காலியிலேயே கொஞ்சம் கண் அசரும். பெயர் பேபி அக்கா.

நிறையப் பிள்ளைகள் இருந்த வீட்டில் கடைசியாகப் பிறந்ததால் பேபி என்று கூப்பிட்டார்கள். தலை நரைத்த பிறகும் யாரும் அதை மாற்றவில்லை. கம்பெனியில் சேர்ந்தபோது பின்னால் ஒரு அக்கா ஒட்டிக்கொண்டது. 'குழந்தை அக்கா' என்று ஒரு பெண்ணை ஊரே கூப்பிடுவதில் ஒரு கோளாறு இருப்பதாக இதுவரை எவருக்கும் தோன்றவில்லை.

அந்தக் கம்பெனி செய்வது சின்னச் சின்னச் சக்கரங்கள். மருத்துவமனைக் கட்டிலுக்கு, கடைகளின் தள்ளுவண்டிக்கு, அலுவலக நாற்காலிக்கு. மனிதன் நிலாவில் கால் வைத்துவிட்டான். ஆனால் ஒரு தள்ளுவண்டியின் நாலு சக்கரத்தையும் ஒரே திசையில் ஓட வைக்க அவனால் இன்னும் முடியவில்லை. முடியாத அந்த வேலையை நம்பித்தான் கம்பெனி பிழைத்தது.

ஆரம்பித்தவரை எல்லோரும் பெரியவர் என்பார்கள். கோபக்காரர். அறைக்குள் நடந்துகொண்டே கடிதம் சொல்வார், பேபி அக்கா தட்டச்சு செய்வார்.

"எழுது. 'அட முட்டாளே, சக்கரத்துக்கு எண்ணெய் போடாம ஓட்டிட்டு எம்மேல பழி போடுறியா?' போட்டுட்டியா?"

"போட்டுட்டேன் சார்."

தாளில் இருப்பது: 'மதிப்பிற்குரிய ஐயா, தங்கள் கடிதம் கிடைத்தது. சக்கரங்களுக்கு மாதம் ஒருமுறை எண்ணெய் இட்டால் அவை நீண்ட நாள் உழைக்கும். குறைபாடுள்ளவற்றை மாற்றித் தருகிறோம்.' பெரியவர் படிக்காமல் கையெழுத்துப் போடுவார். அடுத்த வாரமே வாடிக்கையாளரிடமிருந்து நன்றிக் கடிதம் வரும். "பாத்தியா? நாலு போடு போட்டாத்தான் வழிக்கு வர்றானுங்க" என்று மீசையைத் தடவிக்கொள்வார். கடைசி மூச்சுவரை அவர் தன்னைக் கண்டிப்பான மனிதர் என்றும், ஊரெல்லாம் அந்தக் கண்டிப்புக்குத்தான் மயங்கியது என்றும் நம்பினார்.

மின்னஞ்சல் வந்தபோது பெரியவர் பேரிலேயே ஒரு முகவரி ஏற்பாடானது. அவர் விசைப்பலகையைத் தொடவே இல்லை. "அதெல்லாம் பொம்பளைங்க வேலை" என்றார். அவருடைய மற்றக் குறைகளை எல்லாம் சிரித்துக்கொண்டே மறந்துவிடலாம். இந்த ஒரு வாக்கியத்தை என்னால் மறக்க முடியவில்லை. ஒரு வேலையைக் கேவலம் என்று தள்ளிவிட்டு, அதன் பலனில் மட்டும் தன் பேரைப் பொறித்துக்கொள்ளும் புத்தி அது. அவர் கண்டுபிடித்த புத்தியும் அல்ல, அவரோடு போன புத்தியும் அல்ல.

ஒருநாள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. துக்கம் முடிந்து கம்பெனி திறந்ததும், பொறுப்புக்கு வந்த மகன், அதாவது சின்னவர், பேபி அக்காவின் மேசைக்கு வந்து தலையைச் சொறிந்தார்.

"அக்கா, வெளியூர்க்காரங்க எல்லாம் அப்பா முகத்தைப் பாத்ததுகூட இல்ல. அவர் மெயிலை நம்பித்தான் ஆர்டர் குடுக்குறாங்க. இப்பப் போய் இல்லைன்னு சொன்னா பயந்துடுவாங்க. கொஞ்ச நாளைக்கு அவர் பேர்லயே பதில் போடுங்களேன்."

"எத்தனை நாளைக்குத் தம்பி?"

"கொஞ்ச நாளைக்குத்தான்கா."

அந்தக் கொஞ்ச நாளில் சின்னவருக்குக் கல்யாணம் ஆனது, வழுக்கை விழுந்தது, பிள்ளை பள்ளிக்கூடம் போனது. பெரியவர் எழுதிக்கொண்டே இருந்தார்.

செத்த பிறகுதான் அவர் குணம் முழுமை பெற்றது. தொலைவிலிருந்த ஒரு மருத்துவமனையின் ஸ்டோர் கீப்பர், 'வயது ஏற ஏற எல்லோரும் சிடுசிடுக்கிறார்கள், நீங்கள் மட்டும் கனிந்துகொண்டே போகிறீர்கள்' என்று எழுதினார். அவருடைய மகள் நர்ஸ் படிப்பில் சேர்ந்தது, தேர்வில் தவறியது, மறுபடி எழுதித் தேறியது எல்லாம் பெரியவருக்குத் தெரியும். ஒவ்வொன்றுக்கும் பெரியவர் இரண்டு வரி எழுதியிருந்தார்.

கம்பெனிக்குள்ளும் அந்த முகவரிக்கு ஒரு மரியாதை வந்துவிட்டது. பெண்கள் கழிப்பறையில் குழாய் ஒழுகியது. பேபி அக்கா வாயால் சொல்லிப் பார்த்தார், காகிதத்தில் எழுதிக் கொடுத்துப் பார்த்தார். கல்லில் நார் உரிக்கிற கதைதான். கடைசியில் ஒரு காலை, பெரியவரின் முகவரியிலிருந்து எல்லோருக்கும் ஒரு வரி போனது: 'குழாய் இன்றே சரிசெய்யப்பட வேண்டும்.' மதியத்துக்குள் பிளம்பர் வந்துவிட்டார்.

சின்னவர் மூச்சிரைக்க ஓடி வந்தார். "அக்கா! அப்பா பேர்ல எனக்கே மெயில் போடுறீங்களா? பாத்ததும் எழுந்து நின்னுட்டேன்!"

"குழாய் சரியாச்சுல்ல? உக்காருங்க தம்பி."

இப்படி ஓடிக்கொண்டிருந்த கம்பெனியில் மின்னஞ்சல் அடைத்துக்கொள்ள ஆரம்பித்தது. மின்னஞ்சல் வசதி தந்த பழைய நிறுவனம் ஒதுக்கியிருந்த இடம் நிறைந்துபோய், வரும் கடிதங்கள் அனுப்பியவருக்கே திரும்பின. எல்லாவற்றையும் புதிய நிறுவனத்துக்கு மாற்றிவிடுவது என்று முடிவானது. மாற்றித்தர ஒருவர் வந்தார். எதைக் கேட்டாலும் முதலில் ஒரு பெருமூச்சு விட்டுவிட்டுப் பதில் சொல்கிற மனிதர். அவரை எல்லோரும் நெட்வொர்க் சார் என்றார்கள்.

சின்னவர் ஒரே ஒரு நிபந்தனை வைத்தார். "ஒரு மெயில்கூடக் கீழ விழக் கூடாது சார். ஒரு நிமிஷம்கூட நிக்கக் கூடாது."

நெட்வொர்க் சார் பெருமூச்சு விட்டார். "வீடு மாத்துற மாதிரிதான். முதல்ல புது வீட்டுல எல்லாருக்கும் ரூம் போட்டு, பழைய சாமான் மொத்தத்தையும் அங்க கொண்டுபோய் வச்சிடணும். அப்புறம்தான் தபால்காரங்ககிட்டப் புது விலாசம் சொல்லணும். சொன்ன பிறகும் பழைய வீட்டைப் பூட்டக் கூடாது. சில தபால்காரங்களுக்குச் சேதி லேட்டாத்தான் எட்டும். அவங்க பழைய வீட்டுல போட்டுட்டுப் போறதைப் பொறுக்கிக் கொண்டாந்து புதுசுல சேர்க்கணும். பதட்டப்படாம செஞ்சா வெளியில ஒருத்தருக்கும் தெரியாது. சரி, யார் யாருக்கு ரூம்?"

சின்னவரின் மனைவிக்குத் தம்பி ஒருவர் விற்பனையைப் பார்த்துக்கொண்டிருந்தார். மைத்துனர் என்பதைத் தவிர அந்தப் பதவிக்கு வேறு தகுதி கேட்கப்படவில்லை. அவர் பேர்ப்பட்டியலைப் படிக்க, நெட்வொர்க் சார் ஒவ்வொரு பேருக்கும் உரியவரின் கைப்பேசி எண்ணைக் கேட்டுக் குறித்தார். பெரியவர் பேர் வந்தது.

"இவர் போன் நம்பர்?"

"அவர் இல்ல சார்" என்றார் சின்னவர்.

"எப்ப வருவார்?"

"வர மாட்டார்."

"லீவா?"

"அப்படியும் சொல்லலாம்."

"நம்பருக்கு ஒரு ஓடிபி வரும், அதை அவர் சொல்லணும். எப்பப் பேசினா கிடைப்பார்?"

பேபி அக்காதான் சொன்னார். "அவர் செத்துட்டார் சார்."

நெட்வொர்க் சார் திரையைப் பார்த்தார். "ஆனா இன்னைக்குக் காலைல ஒரு மெயில் போட்டிருக்காரே?"

"அது நான்."

அந்த ஒருமுறை மட்டும் அவர் பெருமூச்சு விட மறந்துவிட்டார். பிறகு, "அப்ப உங்க பேர்ல ஒண்ணு போட்டுடலாமா?" என்று இயல்பாகக் கேட்டார். உலகத்திலேயே எளிய கேள்வி. வெளியாள் ஒருவர் வந்து கேட்கும்வரை அந்தக் கட்டடத்தில் யாரும் கேட்டதில்லை.

"அவங்களுக்கு எதுக்கு?" என்றார் மைத்துனர். பேபி அக்கா நின்றுகொண்டிருப்பதையே அவர் கண்டுகொள்ளவில்லை. "மாமா, மெயிலை எல்லாம் இப்ப எல்லாரும் போன்லயே பாக்குறாங்க. பெரியவர் மெயிலை உங்க போனுக்கு விட்டுடலாம். நாமளே பதில் போட்டுக்கலாம். டைப் அடிக்கத் தனியா ஒரு ஆள் இந்தக் காலத்துல எந்தக் கம்பெனில இருக்கு? அக்காவுக்கும் வயசாச்சு. ஒரு சுவர்க்கடிகாரம் வாங்கிக் குடுத்து, நல்லபடியா அனுப்பி வச்சிடலாம்."

சின்னவர் கடிகாரத்தையும் மறுக்கவில்லை, அனுப்புவதையும் மறுக்கவில்லை. மேசையில் இருந்த மாதிரிச் சக்கரம் ஒன்றை எடுத்து உருட்டிக்கொண்டிருந்தார். அநியாயம் பெரும்பாலும் இப்படித்தான் நடக்கிறது. கத்தி எடுத்துக்கொண்டு வருவதில்லை, சும்மா உட்கார்ந்து எதையாவது உருட்டிக்கொண்டிருக்கிறது.

அன்று மாலை வீட்டில், ஓய்வு பெற்ற பேருந்து நடத்துனரான கணவரிடம் பேபி அக்கா விஷயத்தைச் சொன்னார். அவர் சட்டைக்குப் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தார்.

"இதுக்கா மூஞ்சியைத் தூக்கி வச்சிருக்கே? காலமெல்லாம் டிக்கெட் கிழிச்சேன். எந்த டிக்கெட்லயாவது என் பேர் இருந்துச்சா?"

"உங்க டிக்கெட்ல செத்தவர் பேரும் இல்லீங்க."

அவர் ஊசியை அப்படியே நிறுத்தினார். "அது சரிதான்" என்றார். "அப்பக் கடிகாரத்தை வாங்கிக்காதே."

மாற்றும் நாள் நெருங்கியது. எல்லா வாடிக்கையாளருக்கும் முன்கூட்டியே ஓர் அறிவிப்பு அனுப்ப வேண்டும் என்றார் மைத்துனர். பெரியவர் பேரில் போனால்தான் மதிப்பு என்று தன் கைப்படவே எழுதினார்: 'நமது மின்னஞ்சல் புதிய இடத்துக்கு மாறுகிறது. இந்தப் பணியை நானே அருகில் இருந்து மேற்பார்வையிடுகிறேன். ஐயம் இருந்தால் எந்த நேரமும் என்னை நேரில் வந்து சந்திக்கலாம்.'

பேபி அக்கா படித்துப் பார்த்தார். "சார், 'நேரில்' மட்டும் வேணாமே?"

"ஏன்?"

"யாராவது வந்துட்டா?"

"அக்கா, இதெல்லாம் மரியாதைக்குப் போடுறது. நிஜமா எவன் வரப்போறான்? உங்களுக்கு வியாபாரம் புரியாது."

அறிவிப்பு போனது. செத்தவர் ஒருவர் தன்னை வந்து பார்க்கும்படி ஊர் ஊராக அழைப்பு அனுப்பிய முதல் கம்பெனி அதுவாகத்தான் இருக்கும்.

மாற்றும் வேலை கச்சிதமாக நடந்தது. சோதனைக்கு ஒருவருக்கொருவர் 'வந்துவிட்டதா?' என்று கேட்டும், 'வந்துவிட்டது, இது போய்விட்டதா?' என்று பதில் போட்டும் வாடிக்கையாளரைவிடத் தாங்களே அதிகம் எழுதிக்கொண்டார்கள். பழைய கடிதங்கள் ஒன்று விடாமல் புதிய இடத்துக்கு வந்துவிட்டன. வழிதவறிப் பழைய வீட்டில் விழுந்த சிலவற்றை நெட்வொர்க் சார் பொறுக்கி எடுத்துச் சேர்த்தார். எதுவும் கீழே விழவில்லை, எதுவும் ஒரு நிமிடமும் நிற்கவில்லை.

பெரியவர் மட்டும் நின்றுவிட்டார்.

அவருக்கு வந்தவை சின்னவரின் கைப்பேசியில் குவிந்தன. கதவைத் திறந்து காரில் ஏறும்போதும், பிள்ளையைப் பள்ளியில் விடும்போதும் சின்னவர் பதில் போட்டார். 'ஓகே.' 'பார்க்கிறேன்.' 'ம்.' நேரம் கிடைக்காதபோது மைத்துனர் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டும் படம் அனுப்பினார். இரண்டு நாள் போனது. பிறகு கடிதங்களின் குரல் மாறியது.

'ஐயா, ஏதேனும் வருத்தமா?'

'உடல்நிலை சரியில்லை என்று நினைக்கிறேன். ஓய்வெடுங்கள்.'

'நான் என்ன தவறு செய்தேன் என்று சொன்னால் திருத்திக்கொள்வேன்.'

ஒரு நாற்காலிக் கடைக்காரர், ஆர்டரை நிறுத்திவைத்திருப்பதாகவும், பெரியவர் குணமடைந்ததும் பேசிக்கொள்ளலாம் என்றும் எழுதினார். சின்னவருக்கு வியர்த்தது. வேலையை விட்டுக் கிளம்பும் நாள் குறிக்கப்பட்டு, மேசை இழுப்பறையைக் காலி செய்துகொண்டிருந்த பேபி அக்காவிடம் வந்தார்.

"அக்கா, இந்த நாலஞ்சு பேருக்கு மட்டும் பழைய மாதிரி ரெண்டு வரி போட்டுக் குடுங்களேன்."

"யார் பேர்ல?"

"அப்பா பேர்லதான்."

"தம்பி, உங்க அப்பா இறந்துட்டார்." குரலில் உண்மையான பரிவு இருந்தது. "ஏத்துக்கக் கஷ்டமாத்தான் இருக்கும். ஆனா ஏத்துக்கணும்."

"கிண்டல் பண்ணாதீங்கக்கா!"

"என் பேர்ல ஒரு மெயில் குடுங்க, நான் எழுதுறேன். செத்தவர் பேர்ல இனி ஒரு எழுத்து அடிக்க மாட்டேன். அவரையும் கொஞ்சம் தூங்க விடுங்க."

சின்னவர் வாயைத் திறந்தார். என்ன சொல்லியிருப்பாரோ தெரியாது. அதற்குள் வரவேற்பிலிருந்து, பெரியவரைப் பார்க்க ஒருவர் வந்திருப்பதாகச் சொன்னார்கள்.

ஒரு கையில் பை, மறு கையில் தெர்மாஸ் குடுவை. ராத்திரி முழுக்க ரயிலில் வந்த சட்டைக் கசங்கல். மருத்துவமனை ஸ்டோர் கீப்பர்.

"கட்டைவிரல் படம் அனுப்பியிருந்தார்" என்றார் அவர், பதற்றத்தோடு. "இத்தனை வருஷத்துல அவர் அப்படிச் செஞ்சதே இல்ல. கையில ஏதோ ஆயிடுச்சு, ஒரு விரல்தான் வேலை செய்யுதுன்னு நினைச்சுட்டேன். நேர்ல வரலாம்னு வேற எழுதியிருந்தாரே. எங்க இருக்கார்?"

மைத்துனர் திருடனுக்குத் தேள் கொட்டியதுபோல் நின்றார். "அவர்... வெளியூர் போயிருக்கார்."

அவர் நின்ற இடத்துக்குச் சரியாகப் பின்னால் சுவரில் பெரியவரின் படம் இருந்தது. படத்துக்குக் கீழே பிறந்த தேதியும் மறைந்த தேதியும் பெரிய எழுத்தில் இருந்தன. ஸ்டோர் கீப்பர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தார். விரல் விட்டு எண்ணினார். மறுபடி படித்தார்.

"இவர் போய் இத்தனை வருஷமாச்சா? அப்பப் போன மாசம் என் பொண்ணுக்கு வேலை கிடைச்சதுக்கு வாழ்த்து எழுதினது யாரு?"

"கம்பெனிதான் சார் எழுதினது" என்றார் மைத்துனர்.

"கம்பெனிக்கு எப்படித் தெரியும், என் பொண்ணுக்கு ஊசியப் பாத்தா மயக்கம் வரும்னு?"

"நான்தான் எழுதினேன்" என்றார் பேபி அக்கா. கையில் இழுப்பறையிலிருந்து எடுத்த சீப்பு இருந்தது. "இப்ப மயக்கம் வர்றதில்லையே?"

ஸ்டோர் கீப்பர் உடனே உருகிவிட்டார் என்று எழுதினால் அது பொய். கோபப்பட்டார். முகம் சிவந்துவிட்டது. செத்த மனிதரிடமா வீட்டு விஷயத்தை எல்லாம் கொட்டினேன் என்று கேட்டார். ஏமாற்று வேலை இல்லையா இது என்று கேட்டார். ஆமாம் என்றார் பேபி அக்கா. பேர் பொய், எழுதியது பொய் இல்லை என்றார். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார வைத்தார், தண்ணீர் கொடுத்தார். அவர் தண்ணீரைக் குடித்து முடித்துவிட்டு, தெர்மாஸைத் தூக்கிப் பேபி அக்காவிடமே நீட்டினார்.

"கஞ்சி. அவருக்குன்னு கொண்டுவந்தேன். எழுதினவங்க குடிங்க."

பிறகு சின்னவர் பக்கம் திரும்பினார். "எங்க ஆஸ்பத்திரில புது வார்டு கட்டுறாங்க. கட்டில் சக்கரம் நிறைய வேணும். இந்தம்மா பேர்ல மெயில் வந்தா ஆர்டர் போடுவேன். செத்தவங்ககிட்ட நான் இனி வியாபாரம் பண்றதா இல்ல."

அந்தக் கட்டடத்துக்குள் நியாயம் தனியாக நடந்து வரவில்லை. ஆர்டரின் கையைப் பிடித்துக்கொண்டுதான் வந்தது. அதைப் பார்த்து எனக்குப் பெருமை ஒன்றும் இல்லை. ஆனாலும் வந்ததே.

நெட்வொர்க் சாரை மறுபடி கூப்பிட்டார்கள். "ஆள் யாரு?" "நான்தான்." "போன் நம்பர்?" சொன்னார். ஓடிபி வந்தது, படித்தார், முடிந்தது. ஒரு வாய் காபி ஆறுகிற நேரம்கூட ஆகவில்லை. வருடக்கணக்காக நடக்காத காரியம்.

மைத்துனர் கடைசியாக ஒரு முட்டுக்கட்டை போட்டுப் பார்த்தார். "பேபின்னு மெயில் ஐடியா? கஸ்டமர் சிரிப்பான்."

"செத்தவர் பேர்ல போட்டப்ப ஒருத்தரும் சிரிக்கலையே சார்" என்றார் பேபி அக்கா.

முதல் வேலையாக அவர் எல்லா வாடிக்கையாளருக்கும் உண்மையை எழுதினார். சுருக்கமாக, தன் பேரைக் கீழே போட்டு. ஒருவர் கோபித்துக்கொண்டு உறவையே முறித்துக்கொண்டார். அது அவர் உரிமை. ஒருவர் அனுதாபம் தெரிவித்துவிட்டு அதே கடிதத்தில் தள்ளுபடியும் கேட்டார். நாற்காலிக் கடைக்காரர், 'பெரியவர் மறைவால் துயருற்றேன். ஆனால் அவர் நலமாக இருப்பதில் மகிழ்ச்சி' என்று எழுதினார். குழப்பத்தில் எழுதினாரா, யோசித்து எழுதினாரா என்று பேபி அக்காவால் இன்றுவரை முடிவுக்கு வர முடியவில்லை. நிறுத்திவைத்த ஆர்டரை மறுபடி கொடுத்துவிட்டார், அது போதும்.

சுவர்க்கடிகாரம் வாங்கிவிட்டார்கள். அதைத் திருப்பிக் கொடுக்க முடியவில்லை என்பதால் கழிப்பறை வாசலில் மாட்டியிருக்கிறார்கள். பேபி அக்கா அதே மேசையில் இருக்கிறார். பணிப்பதிவேட்டில் மட்டும் இன்னும் 'டைப்பிஸ்ட்' என்றே இருக்கிறது. அதை 'வாடிக்கையாளர் தொடர்பு அதிகாரி' என்று மாற்றும்படி சின்னவருக்குத் தன் பேரில் கடிதம் எழுதியிருக்கிறார். பதில் வரவில்லை. வாரா வாரம் திங்கட்கிழமை அதையே மறுபடி அனுப்புகிறார்.

உங்களிடம் நான் கேட்பது ஒன்றுதான். உங்கள் பேரில் போகும் கடிதங்களை, அறிக்கைகளை, பதில்களை எழுதுகிறவர் உங்களுக்கு இரண்டு மேசை தள்ளி உட்கார்ந்திருக்கலாம். நாளைக் காலை முதல் வேலையாக எழுந்து அவரிடம் போங்கள். அடுத்த கடிதத்தின் கீழே அவர் பேரைப் போடச் சொல்லுங்கள். அப்படி எழுதிக்கொண்டிருக்கிறவர் நீங்களே என்றால், யாருடைய அனுமதிக்கும் காத்திராமல் போட்டுவிட்டு அனுப்பு பொத்தானை அழுத்துங்கள்.